தராசைத் திருப்பித் தராத வகுப்பு

செஞ்சியில் எங்கள் அறிவியல் வளாகத்தின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் எல்லாரும் அடிக்கல்லில் தொடங்குகிறார்கள். நான் தொடங்க மாட்டேன். அந்தக் கல் திருவண்ணாமலை சாலையில், ஊருக்கு வெளியே, பாறைகளுக்கு நடுவில் கிடந்தது. மாலை போட்டு, கைதட்டி, நட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடு மேய்க்கிறவர்கள் அதன்மேல் தூக்குச்சட்டியை வைத்துச் சாப்பிட்டார்கள். நான் பார்த்தவரை அந்தக் கல்லால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

வளாகம் உண்மையில் நடந்தது கடைத்தெருவுக்குப் பின்னால், மல்லாட்டை மூட்டை அடுக்குகிற ஒரு கிடங்கில். எண்பதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் அதை வாடகைக்கு எடுத்து, பலகை வைத்து மூன்றாகத் தடுத்து, வாசலில் பெரிய போர்டு ஒன்றை மாட்டியது. ஒரு தடுப்பில் இயற்பியல், ஒரு தடுப்பில் வேதியியல், மூன்றாவதில் ஆபீஸ். வேர்க்கடலை வாசனை போகவே இல்லை. எலிகளும் போகவில்லை. மண்டியில் தின்று பழகியவை, மூட்டைகள் எங்கே என்று எங்கள் காலடியில் தேடிக்கொண்டே இருந்தன.

வசதிகளையும் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்கு ஒன்றும் கூச்சம் இல்லை. தண்ணீர் குடத்தில் வரும். கரண்ட் நினைத்தால் வரும். கேஸ் கிடையாது, ஸ்பிரிட் விளக்குதான். பெண்களுக்கு என்று ஒரு மறைவிடம்கூடக் கிடையாது. என் தோழியின் வீடு மசூதித் தெருவில் இருந்ததால் நாங்கள் தப்பித்தோம். அவளுடைய அத்தா இரும்புக்கடை வைத்திருந்தார். அந்த வீட்டுப் பின்வாசல் எங்கள் வகுப்புப் பெண்கள் எல்லாருக்கும் திறந்தே இருந்தது. வளாகத்தின் வசதிகளில் நான் மதிப்பது அந்தக் கதவைத்தான்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் தராசு இல்லை.

மளிகைக்கடைத் தராசு அல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் பகுப்பாய்வுத் தராசு. மூச்சுக்காற்று பட்டாலே முள் அசையும். அது இல்லாமல் இறுதியாண்டு வேதியியல் இல்லை. ஒரு கரைசலில் இருக்கும் பேரியத்தை வெள்ளைப் பொடியாக வீழ்த்தி, வடிகட்டி, சின்னப் பீங்கான் கிண்ணத்தில் போட்டுச் சுட்டு, ஆறவைத்து, எடை பார்க்க வேண்டும். மறுபடி சுட்டு, ஆறவைத்து, மறுபடி எடை. அடுத்தடுத்து இரண்டு தடவை ஒரே எடை வரும்வரை விடக்கூடாது. மாறாத எடை வந்தால்தான் சோதனை முடிந்தது என்று அர்த்தம்.

எங்கள் வளாகத்தில் இதற்குக் கண்டுபிடித்த வழி போர்டு. வளாகப் பொறுப்பாளரே எங்களுக்கு வேதியியலும் எடுத்தார். அவர் கரும்பலகையில் அழகாக ஒரு தராசு வரைவார். பக்கத்தில் வெறும் கிண்ணத்தின் எடை, பொடியோடு எடை, சுட்டபின் எடை என்று வரிசையாக எழுதுவார். நாங்கள் எழுதிக்கொள்வோம். எல்லாருக்கும் ஒரே எடை, எல்லாருக்கும் ஒரே விடை. ஒரு தீக்குச்சிகூடச் செலவாகாத சோதனை. ஆனால் பாடத்தை மட்டும் அவர் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தார். "மாறாத எடை வராம பாதியில விட்றவன் கெமிஸ்ட்ரி படிக்கவே லாயக்கில்ல" என்பார், தன் சாக்பீஸ் தராசுக்கு முன்னால் நின்றுகொண்டு.

எங்களுக்கு முந்தைய செட்டில் வல்லத்து அக்கா ஒருத்தி இருந்தாள். வகுப்பில் அவளைவிடக் கெட்டிக்காரி கிடையாது. செய்முறைத் தேர்வுக்கு அவளை நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கேதான் முதல்முறையாக நிஜத் தராசைப் பார்த்தாள். எடைக்கல்லை இடுக்கியால் எடுக்க வேண்டும் என்று போர்டு அவளுக்குச் சொல்லவில்லை; விரலால் எடுத்துவிட்டாள். பரிசோதகர் எல்லார் முன்னாலும் சிரித்தாராம். பெயில். வீட்டில் மறுபடி அனுப்பவில்லை. தை மாசம் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நானும் அதே வரிசையில்தான் நின்றேன். எங்கள் ஊர் வல்லத்துக்கு அந்தப் பக்கம்; நாங்கள் கோயில் மணியடித்தால் பூசைக்குப் போகிற கிறிஸ்தவக் குடியானவர்கள். மல்லாட்டை போடுகிற குடும்பத்தில் பி.எஸ்ஸி. வரை வந்த முதல் பெண் நான். மாமா முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "ஒருவாட்டி எழுதட்டும். பாஸானா படிப்பு, இல்லன்னா கல்யாணம். ரெண்டாவது வாட்டின்ற பேச்சே கெடையாது." என் அப்பா, நைனா, அவரை எதிர்த்துப் பேசவில்லை.

அந்த வருடம்தான் கமிஷன் வந்தது. இனிமேல் செய்முறைத் தேர்வைச் செஞ்சியிலேயே நடத்தலாமா என்று பார்த்து முடிவுசெய்யப் பல்கலைக்கழகம் அனுப்பிய குழு. அதற்கு முந்தைய நாள் நகரத்திலிருந்து ஒரு லாரி வந்து நின்றது. வைக்கோல் சுற்றிய பெட்டிகள் இறங்கின. மைக்ராஸ்கோப், கேஸ் சிலிண்டர், பர்னர்கள், வெள்ளைக் கோட்டுகள்கூட. என் கோட்டுப் பையில் யாரோ ஒருத்தியின் பெயர் சிவப்பு நூலில் தைத்திருந்தது. கடைசியாக இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வந்துவிட்டது என்றே நினைத்தோம். அனந்தபுரத்திலிருந்து வரும் பையன் ஒருவன் லாரி டிரைவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தான். "நாளைக்கு சாயங்காலம் எல்லாத்தையும் ஏத்திக்கினு போயிடுவாங்களாம். கமிஷனுக்குக் காட்டத்தான் கொண்டாந்து கீறாங்க."

பொறுப்பாளரிடம் கேட்டேன்.

"சார், பரீட்சை இங்கியே நடந்தா தராசு இருக்குமா?"

"அன்னிக்கும் லாரி வரும்மா. வேலை ஆகணும், அவ்ளோதான். எல்லா ஊர்லயும் இப்படித்தான் நடக்குது."

அதாவது பரீட்சையன்றுதான் நாங்களும் அதைத் தொடுவோம். வல்லத்து அக்கா மாதிரியே, பழகாத கையால். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

மறுநாள் காலை அவர் எங்களை நிற்கவைத்து உத்தரவு போட்டார். "கமிஷன் வரும்போது கை சும்மா இருக்கக் கூடாது. வேலை நடக்குற மாதிரி தெரியணும். பர்னர் எரியட்டும்." யார் யார் எங்கே என்று அவரே பிரித்தார். என்னையும் என் தோழியையும் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தி, எந்தச் சோதனை பார்வையாக இருக்கும் என்று யோசித்து, பேரியத்தைக் கொடுத்தார். நெருப்பு இருக்கிறது, வெள்ளைப் பொடி இருக்கிறது, பார்க்க ஜோராக இருக்கும். அவர் செய்த தப்பு அதுதான். முடிகிற நேரம் தெரியாத ஒரே சோதனையை எங்கள் கையில் கொடுத்துவிட்டார்.

நான் தோழியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "நெசமாவே செஞ்சிட்லாமா?" என்றாள்.

செய்தோம். கரைசலைச் சூடாக்கி, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். பால் திரிந்த மாதிரி வெள்ளையாக இறங்கியது. வருடம் முழுக்க எழுதி எழுதிச் சலித்த பொடி, அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வடிகட்டி, தாளோடு கிண்ணத்தில் வைத்துச் சுட்டோம். தராசின் கண்ணாடிக் கதவைத் தூக்கினேன். இடுக்கியால் எடைக்கல்லை எடுத்தேன். ஒன்று நழுவித் தட்டில் விழுந்தது. பரவாயில்லை என்று மறுபடி எடுத்தேன். இங்கே சிரிக்க யாரும் இல்லை.

கமிஷன் உள்ளே வந்தது. அதில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். மற்றவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு போக, அவர் மட்டும் எங்களிடம் நின்று குனிந்து பார்த்தார்.

"எத்தனாவது எடை?"

"முதல் எடைதான் மேடம்."

"மாறாத எடை வர வரைக்கும் விடாதீங்க. அவசரப்படாதீங்க."

"சரிங்க மேடம்" என்றேன். பொறுப்பாளர் அவருக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்து கமிஷன் காரில் ஏறியது. கார் முனை திரும்புவதற்குள் பெட்டிகளில் வைக்கோல் திணிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மைக்ராஸ்கோப் போனது. கோட்டுகளைக் கழற்றி வாங்கினார்கள். தராசுக்கு வந்தபோது நான் நகரவில்லை.

"இன்னும் எடை நிக்கல சார். கிண்ணம் ஆறிக்கினு கீது."

"அட, அது போதும் விடும்மா!"

"அந்த மேடம் விடாதீங்கன்னாங்க, சார். நீங்களும்தான் சொல்வீங்க."

அவர் முகம் சிவந்தது. திட்டினார். என் ஊரைச் சொன்னார், என் வளர்ப்பைச் சொன்னார். நான் கிண்ணத்தை எடுத்துத் தட்டில் வைத்தேன். இரண்டாவது எடை முதலாவதைவிடக் குறைந்திருந்தது. மறுபடி சுட்டோம். அடுத்ததும் அதற்கடுத்ததும் ஒன்றாக வந்தன.

"வந்துடுச்சி இல்ல? தள்ளு" என்றார் பொறுப்பாளர்.

"அவளோடது வந்துடுச்சி சார்" என்றாள் தோழி. "என்னோடது வரல." தன் கிண்ணத்தைப் பர்னரில் வைத்தாள்.

அவளுக்குப் பின்னால் அனந்தபுரத்துப் பையன் நின்றான், கையில் வடிதாளோடு. அவனுக்குப் பின்னால் சீயமங்கலத்துப் பெண். இயற்பியல் பக்கம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட விட்டுவிட்டு வந்தார்கள். யாரும் கத்தவில்லை, கோஷம் போடவில்லை. வகுப்பு முழுவதும் தராசைச் சுற்றி வரிசையில் நின்றது, அவ்வளவுதான்.

டிரைவர் எட்டிப்பார்த்தார். "இது எப்ப சார் முடியும்?"

பொறுப்பாளருக்குத் தெரியும், இத்தனை கிண்ணமும் முடிய நாள்கணக்காகும் என்று.

பொழுது சாய்கிற நேரத்தில் நைனா சைக்கிளில் வந்தார். பஸ்ஸில் நான் வரவில்லை என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். பொறுப்பாளர் அவரைப் பிடித்துக்கொண்டார். "பாருங்க, உங்க பொண்ணுதான் எல்லாத்துக்கும் காரணம். இப்பவே இட்டுக்கினு போங்க. இல்லன்னா பரீட்சை எழுத முடியாது, சொல்லிட்டேன்."

நைனா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். அவர் முன்னால் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அவர் வா என்றால் நான் போயிருப்பேன். அதுதான் உண்மை.

"இன்னாம்மா இது?"

"வேலை முடியல நைனா. எங்களுக்குத் தராசு இல்ல. இத்த எடுத்துக்கினு போனா பரீட்சையன்னிக்குத்தான் மறுபடி பாப்போம்."

அவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். பிறகு பொறுப்பாளர் பக்கம் திரும்பினார்.

"களை எடுக்கிறத கொல்லையில பாதியில விட்டுட்டு வந்தா நாங்களே ஏசுவோம் சார். படிக்கிற புள்ளைங்கள பாதியில எப்படி வரச் சொல்றது? முடிச்சிட்டு வரட்டும். நான் வெளிய குந்திக்கினு கீறேன்."

போய் வாசலில் சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் வந்து எனக்கு எடைக்கல்லே தெரியவில்லை. தோழிதான் அதைப் படித்து எழுதினாள்.

டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. "தராசு இல்லாம போறேன் சார். ஆனா இங்கதான் இருக்குதுன்னு கையெழுத்து போட்டுக் குடுங்க" என்றார். பொறுப்பாளர் எங்களைப் பார்த்தார், வாசலில் இருந்த நைனாவைப் பார்த்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். சிலிண்டரும் பர்னரும் லாரியில் போயின. தோழி மறுநாள் தன் வீட்டுப் பம்ப் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தராசைக் கேட்டு நகரத்திலிருந்து ஆள் வந்தபோதெல்லாம் யாருடைய கிண்ணமாவது ஆறிக்கொண்டிருந்தது. வந்து வந்து பார்த்து, அவர்களே விட்டுவிட்டார்கள்.

தேர்வு செஞ்சியிலேயே நடந்தது. இடுக்கியை எடுக்கத் தெரியாமல் ஒருவரும் நிற்கவில்லை. நான் பாஸ்.

கடைசி நாள், நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கப் பொறுப்பாளரிடம் போனேன். எல்லாருக்கும் 'மிக நன்று' என்று எழுதியவர், என் தாளில் பேனாவை நிறுத்தினார்.

"அன்னிக்கு நடந்ததுக்கு மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. நல்லதா போட்டுத் தரேன். வேலைக்குப் போறப்ப இதத்தான் மொதல்ல பாப்பாங்க."

அவர் மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தராசின் கண்ணாடிக் கதவு ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. முதலாண்டுப் பெண்கள் பேசிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"எதுக்கு சார் மன்னிப்பு? அங்க நிக்குதுங்களே, நான் செஞ்சது தப்பான்னு அதுங்க கிட்ட கேட்டுச் சொல்லுங்க, எழுதித் தரேன்."

அவர் தடுப்புப் பக்கம் பார்த்தார். 'சுமார்' என்று எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். அந்தத் தாளால் எனக்கு இரண்டு பள்ளிக்கூடங்களில் வேலை கிடைக்காமல் போனது. அதை மாற்றித்தரச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.