ஃபாரன் என்ற பழைய வினை

குத்தாலத்தை விட்டு மேற்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரே ஒரு துணிப்பை. நடவு முடிந்த மறுநாள் பிற்பகல். நான்கு மாதம் வேலை பார்த்த வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் கிளம்புகிறவர் ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்வார். ‘போறேன்’ என்றால் பதறிவிடுவார்கள். திரும்பும் எண்ணமே இல்லாதவன் எதைச் சொல்வது? ஏழெட்டு ஊர்களிலிருந்து இப்படித்தான் நழுவியிருக்கிறேன்.

வாய்க்கால் பாலத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அந்த வீட்டு மகள், நர்ஸ். பத்து நாளில் ஜெர்மனிக்கு வேலைக்குப் போக இருந்தார். அவருடைய அப்பாவுக்கு வாதத்தில் ஒரு கால் விழுந்துவிட்டது. வயலையும் அவரையும் பார்த்துக்கொள்வதாக நான் தலையாட்டியிருந்தேன்.

“என்னண்ணே, மாடுகூட ஒரு குரல் கொடுத்துட்டுத்தான் போவும்.”

அவர் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே ஒரு வருஷமாக ஜெர்மன் படித்தவர். சண்டை போடுவார் என்று நினைத்தேன். ஒரு சொல்லைப் பற்றிப் பேசினார்.

“ஜெர்மனுக்கும் இங்கிலீஷுக்கும் பொதுவா ஃபாரன்னு ஒரு பழைய சொல்லுண்ணே. பயணம் போறதுன்னு அர்த்தம். பஸ்ஸுக்குக் குடுக்குற ஃபேர், ஆத்தைத் தாண்டுற ஃபெர்ரி, எல்லாம் அந்த வேர்தான். ஃபேர்வெல்னா நல்லபடியா போ, அவ்வளவுதான். திரும்பி வான்னு அதுல இல்ல.” எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். “அப்பா என்னைப் போயிட்டு வான்னு சொல்லணும். நீங்க இல்லேன்னா சொல்ல மாட்டார்.”

கிளம்பும்போது சிரித்தார். “அனுபவப்பட்டுத் தெரிஞ்சுக்கிறதுக்கும் அதுலேருந்து ஜெர்மன்ல ஒரு சொல் வச்சிருக்காங்க. அப்படிப் பார்த்தா எங்க தெருவுலயே பெரிய படிப்பாளி நீங்கதான்.” நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நானும் திரும்பவில்லை. சாலையின் இருபுறமும் நட்ட வயல்களில் வானம் கிடந்தது. நாற்று நுனிகளுக்கிடையே மேகங்கள் என்னோடு மேற்கே வந்தன. நான் நடக்கிறேனா, நிலம் பின்னால் நகர்கிறதா என்றே தெரியவில்லை. யார் யாரோ கிளம்பிப் போன ஒரு சொல்லுக்குள் நானும் போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது. ஆடுதுறையில் கால் நின்றது. பஸ் நிறுத்தத்து பெஞ்சில் படுத்தேன்.

இப்போதெல்லாம் அவர் ஜெர்மனியிலிருந்து போன் செய்கிறார். ‘போயிட்டு வரேண்ணே’ என்று சொல்லித்தான் போனை வைக்கிறார்.

அன்று பெஞ்சில் படுத்தவன், மறுநாள் விடிந்ததும் மாயவரம் பஸ் ஏறித் திரும்பினேன். வாசலில் உட்கார்ந்திருந்த அவருடைய அப்பா என் துணிப்பையைப் பார்த்தார்.

“எங்கப்பா போயிட்டு வந்தே?”

“ஆடுதுறை வரைக்குங்க.”

“சரி, மேல வயல்ல தண்ணி நிக்குது. மடையைத் திறந்து விடு.”

பையை ஆணியில் மாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தேன்.