காற்று மெத்தையும் கிணற்றுத் தண்ணீரும்

பல்கீஸின் ஒரு கை பாக்கியரத்தினத்தின் தோளுக்கு அடியில் இருந்தது, மறு கை இடுப்புக்கு அடியில். முழங்காலைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டாள். இழுத்தால் அவருடைய தோல் உரியும். தூக்கினால் இவளுடைய இடுப்பு, நாரி எல்லாம் போய்விடும். அதனால் இரண்டையும் செய்யாமல், அவருடைய பாரத்தைக் கொண்டே அவரைச் சுவர்ப்பக்கம் புரட்டினாள்.

"மெதுவா, மெதுவா. சாமான் ஆடுது," என்றார் பாக்கியரத்தினம்.

துறைமுகத்தில் கிறேன் ஓட்டிய மனிதர். பாரிசவாதம் வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டு போன பிறகும், தன்னைப் புரட்டும்போதெல்லாம் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கு தானே என்பதுபோலத்தான் கதைப்பார்.

"சாமான் ஆடாது ஐயா, கயிறு என்ட கையில இரிக்கு," என்ற பல்கீஸ், அதே மூச்சில் கேட்டாள். "நேத்து உங்கட பசு கண்டு போட்டிச்சாமே? நாகு கண்டா, நாம்பன் கண்டா?"

பாக்கியரத்தினம் சுவரைப் பார்த்தபடி சற்று யோசித்தார். "எனக்கு ஏதடி பசு? உனக்கு என்ன விசரா?"

"விசர்தான்," என்றாள் பல்கீஸ் திருப்தியோடு. ஐயாவுக்கு இன்று தலை தெளிவு.

இது அவளுடைய வழக்கம். படுக்கையில் கிடப்பவரிடம் சுகமா, சாப்பிட்டீர்களா என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். புத்தி தடுமாறியவர் இன்னும் வேகமாக ஓம் என்பார். இல்லாத ஒன்றைக் கேட்டால்தான் ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரியும். பராமரிப்புப் பயிற்சிக்குக் கொழும்புக்குப் போனபோது கற்றுக்கொண்டது. குவைத்தில் வேலை பார்த்த வீடுகளில் அரபியிலும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள், பசுவுக்குப் பதிலாக ஒட்டகத்தை வைத்து.

பல்கீஸ் குறிஞ்சாக்கேணிக்காரி. கணவர் மீன்பிடிகாரர். கடலுக்குப் போகத் தடை வந்து வள்ளம் கரையில் கிடந்த நாட்களில் அவரும் படுக்கையில் விழுந்தார். தொழில் ஒன்றும் தெரியாமல் அவள் பார்த்த ஒரே நோயாளி அவர்தான். முதுகில் சிறிய சிவப்பாகத் தொடங்கியது உள்ளங்கையளவு புண்ணாகி, அதோடுதான் மௌத்தானார். கணவனை இழந்தவள் காக்கும் இத்தாக்காலம் முடிந்ததும் பல்கீஸ் வள்ளத்தின் இயந்திரத்தை விற்றாள், பயிற்சிக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் பார்த்த எந்த உடம்பிலும் புண் வரவில்லை. அதை அவள் வாய்விட்டுச் சொல்வாள், கூலி பேசும்போது முதல் வாக்கியமாகவே சொல்வாள். இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கிழமைநாட்களில் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் பாக்கியரத்தினம் வீட்டில் தங்குவாள், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன் குடாவைக் கடக்கும் படகுப்பாதை ஏறி ஊருக்குப் போவாள்.

சாரத்தை விலக்கி அவருடைய முதுகின் அடியைப் பார்த்தாள். வால் எலும்பின் மேல் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தாள். வெளுத்தது, ஆனால் பழைய நிறம் திரும்ப நேரமெடுத்துச் சுணங்கியது, புண்ணுக்கு முதல் அடையாளம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டியும் இப்படி. வெள்ளி, சனி அவள் ஊரில் நிற்கும் நேரத்தில் அவருடைய மனைவி கமலேஸ்வரி ஒருத்தியால் இந்தப் பெரிய உடம்பைப் புரட்ட முடிவதில்லை. அதற்காகத்தான் காற்று மெத்தை ஒன்றுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கமலேஸ்வரி சீலையை மாற்றிக் கைப்பையோடு அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு காப்பும் இல்லை.

"பல்கீஸ், நான் அடைவு கடைக்கு ஒருக்கா போட்டு வாறன். மெத்தை வந்திட்டுதாம்."

"எங்க வந்திட்டு?"

"சாவடியில. பிடிச்சு வச்சிருக்கிறாங்களாம்."

அது 2008ஆம் ஆண்டு. சண்டை வன்னியில் நடந்தாலும் திருகோணமலையில் சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி. காற்று மெத்தையைத் தேடி நகரத்தில் ஏறாத கடையில்லை. ஒரு இடத்திலும் இல்லை. கடைசியில் சந்தியில் கொம்யூனிகேசன் என்ற தொலைபேசிக் கடை வைத்திருந்த கனகசுந்தரத்தின் கம்பியூட்டரில் ஒரு இணையக் கடை தெரிந்தது. கொழும்பு விலாசம், வடிவான படம்: குழாய் குழாயாகக் காற்றறைகள், பக்கத்தில் ஒரு மோட்டர். ஒற்றைப்படை அறைகள் நிரம்பும்போது இரட்டைப்படை அறைகள் வற்றும், பிறகு மாறும், உடம்பின் ஓரிடமும் நெடுநேரம் அமுங்காது. கமலேஸ்வரி பெரிய காப்புகளை அடைவு வைத்து வங்கியில் காசு போட்டாள். மெத்தை வரவில்லை. இன்று காலை கனகசுந்தரத்தின் கடைக்கு அழைப்பு வந்தது. பெட்டிக்குள் மோட்டர் இருப்பதால் வழியில் படையினர் மறித்துவிட்டார்கள், பாதுகாப்பு அனுமதிக்கு இன்னொரு தொகை போடவேண்டும் என்று. மிஞ்சியிருந்த இரண்டு காப்பும் இப்போது கைப்பைக்குள் இருந்தன.

"அக்கா, கதிரையில இரிங்க," என்றாள் பல்கீஸ்.

"நேரமில்லை. பின்னேரத்துக்கிடையில போடாட்டி சாமானைத் திருப்பி அனுப்புவாங்களாம்."

"சாவடியில ஒரு சாமானைப் பிடிச்சா அதோட வந்த ஆளையும் பிடிப்பானுகள். பிடிச்சு வச்சுக்கொண்டு வங்கியில காசு போடச் சொல்ற சாவடியை நான் காணயில்ல. கிழமைக்கு ரெண்டு தரம் சாவடி தாண்டுறவள் நான்."

"உமக்கென்ன தெரியும், ஒவ்வொரு இடத்தில ஒவ்வொரு சட்டம். சாவடி எண்டா ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? சண்டை பிடிக்க ஏலுமே?"

விஷயமே அதுதான் என்று பல்கீஸுக்குத் தெரிந்தது. பஸ் பழுதாகிவிட்டது, லொறி கவிழ்ந்தது என்று அழைத்தவன் சொல்லியிருந்தால் இதே கமலேஸ்வரி நூறு கேள்வி கேட்டிருப்பாள். சாவடி என்றதும் வாய் மூடிக்கொண்டது. இந்த ஊரில் எல்லாருக்கும் மூடும்.

ஆனால் தன் கணக்குப் பிழைத்தால்? மெத்தை உண்மையிலேயே எங்கேயோ கிடந்து, தன் பேச்சால் திரும்பிப் போனால், அந்தச் சிவப்பு புண்ணாகும். அதன் பொறுப்பு தன் தலையில். பல்கீஸ் ஐயாவின் முதுகுக்குத் தலையணை வைத்தாள், கணுக்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்தாள், கையைக் கழுவினாள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஐயாவோட இரிக்கச் சொல்லுங்க. அடைவுக்கு முந்தி கனகசுந்தரத்திட கடைக்குப் போவம். காசு கேட்ட அந்த மனிசனோட நான் ஒரு கதை கதைக்கணும்."

கனகசுந்தரம் இவர்களைக் கண்டதும் எழுந்துவிட்டான். தன் கம்பியூட்டரில் தொடங்கிய அலுவல் என்பதால் காலையில் அழைப்பு வந்த நம்பரைத் துண்டொன்றில் குறித்து வைத்திருந்தான். "பல்கீஸ் அக்கா, அந்த நம்பர் கடை நம்பர் இல்லை, ஆரோ ஒருத்தற்றை கைத்தொலைபேசி. நானும் அதைத்தான் யோசிக்கிறன்."

"யோசிச்சது காணும். நம்பரை அடி. எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போடு."

இரண்டாம் தரம் மணி அடித்ததுமே மறுபக்கத்து ஆள் எடுத்தான். கொழும்புப் பேச்சு, தேன் வடியும் குரல். "சொல்லுங்க மேடம். காசு போட்டாச்சா?"

"போடத்தான் தம்பி வெளிக்கிட்டு நிக்கிறம்," என்றாள் பல்கீஸ். "நான் நோயாளியைப் பாக்கிறவள். மெத்தை வந்தவுடன விரிக்கணும், அதுதான் ரெண்டொரு விஷயம் கேட்டு வைப்பம் எண்டு. நீங்க கண்ட மெத்தைதானே?"

"நானே கையால பெக் பண்ணினது மேடம்."

"அப்ப நல்லம். இதுக்கு எவ்வளவு தண்ணி விடணும்?"

காற்று மெத்தைக்குத் தண்ணீரா என்று கனகசுந்தரம் வாயைத் திறந்தான். பல்கீஸ் கையைக் காட்டி அடக்கினாள்.

"தண்ணி... முழுசா நிரப்பணும் மேடம்."

"எங்கட கிணத்துத் தண்ணி கொஞ்சம் உப்பு. பரவாயில்லையா?"

"தாராளமா பாவிக்கலாம்."

"மோட்டருக்குத் தேங்காயெண்ணெய் விடட்டா, நல்லெண்ணெய் விடட்டா?"

"எது வேணும்னாலும் மேடம். நல்லெண்ணெய் பெஸ்ட்."

"அந்த மஞ்சள் வால் ஒண்டு பின்னால தொங்குமே, அதை நோயாளிட தலைமாட்டில கட்டுறதா, கால்மாட்டிலயா?"

"தலைமாட்டில மேடம். மறக்காம கட்டுங்க."

கமலேஸ்வரி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவளும் படத்தைப் பார்த்தவள்தானே. வாலும் இல்லை, வாளியும் இல்லை.

"தம்பி," என்றாள் பல்கீஸ், "எங்கட ஐயா பாரிசவாதத்தில படுத்துக் கிடக்கிறார். அவரிட்ட இல்லாத பசுவைக் கேட்டா இல்லெண்டு சொல்லுவார். நீ எழும்பி நடமாடுறாய், ஆனா அவரைவிட மோசமா இரிக்காய். நாங்க காசு போட மாட்டம். மெத்தை இரிந்தா கொண்டு வா, வாசலில வச்சு வாங்குறம். போட்ட காசைத் திருப்பியும் அனுப்பலாம்."

தேன் ஒரே நொடியில் வற்றியது. "மோட்டர் பார்சல் உங்க பேர்லதான் கிடக்கு, ஞாபகம் வச்சுக்கோங்க. நான் ஒரு கோல் எடுத்தாப் போதும், ராத்திரி வீட்டுக்கு ஆமி வரும்."

தொலைபேசி அறுந்தது. கமலேஸ்வரியின் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ பல்கீஸ், இதென்ன வில்லங்கம்? பேசாமல் காசைப் போட்டுவிட்டு இருந்திருக்கலாம்."

"போட்டா அடுத்த கிழமை வேற சாவடி வரும் அக்கா. கந்தளாயில இரிந்து இஞ்ச வாற வழியில எத்தின சாவடி எண்டு நினைச்சுப் பாருங்க, எத்தின காப்பு இரிந்தாலும் காணாது." பல்கீஸ் முக்காட்டைச் சரிசெய்தாள். "அவன் சொல்ல முந்தி நாங்க போய்ச் சொல்லுவம். நாளைக்கு விடிய பொலிசுக்கு. என்ட பேரும் சேர்த்து எழுதட்டும்."

"பொலிசுக்கோ!"

"மத்தியானச் சாப்பாட்டுக்கா கூப்பிடுறன்? ஒரு முறைப்பாடு. அவன் பயமுறுத்தினதைக் கேட்டவர் கனகசுந்தரம், அவரும் வருவார்."

"வருவன்," என்றான் கனகசுந்தரம். சிங்களத்தில் எழுதவேண்டியதைத் தானே எழுதித் தருவதாகவும் சொன்னான். பிறகு தயங்கினான். "ஆனா மெத்தை?"

அதுதான் கேள்வி. திருடனைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்தச் சிவப்பு அங்கேயே இருந்தது. பல்கீஸ் கம்பியூட்டரை எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் படம் இன்னும் கிடக்கா? ஒண்டு அடிச்சுத் தா. களவாணி எண்டாலும் நல்ல படம்தான் போட்டிரிக்கான்."

படத்தோடு முச்சக்கரவண்டியில் நேராகப் பஸ் நிலையத்தடிக்குப் போனார்கள். அங்கே வாகன ரயருக்கு ஒட்டுப் போடும் ஆதம்பாவா, பல்கீஸின் கணவரோடு கூடப்பிறந்த மூத்தவர், அவள் நானா என்று கூப்பிடுபவர். நடந்ததைக் கேட்டுக்கொண்டே படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்தார்.

"மச்சினி, இது மோட்டச்சைக்கிள் ரியூப்புதானே, வரிசையாப் போட்டிரிக்கான். இதுக்கா காப்பு அடைவு வச்ச நீங்க?"

"நக்கல் பிறகு அடிங்க நானா. ஒட்டுப் போட்ட பழைய ரியூப் எத்தின இரிக்கு?"

"ஒட்டு நான் போட்டதா, வேற ஆள் போட்டதா?"

"நீங்க போட்டது."

"அப்ப காத்துப் போகாது," என்றார் ஆதம்பாவா. ஒரு சாக்கு நிறைய ரியூப்புகளும் ஒரு சைக்கிள் பம்பும் தந்தார்.

பின்னேரம் கமலேஸ்வரி தையல் மெஷினை இழுத்துப்போட்டுப் பழைய பருத்திச் சீலைகளை இரட்டையாக மடித்து நீளப் பைகளாகத் தைத்தாள். அழுதுகொண்டுதான் தொடங்கினாள். மூன்றாம் பையில் அழுகை நின்று, தையல் கோணுகிறதே என்ற எரிச்சல் வந்தது. பல்கீஸ் கழுவித் துடைத்த ரியூப்புகளை ஒவ்வொரு பைக்குள்ளும் தட்டையாக நுழைத்தாள். வால்வுகளெல்லாம் கட்டிலின் வெளிப்பக்கம் வரும்படி வைத்து, அவற்றின் மேல் துணி சுற்றினாள். தானே ஏறிப் படுத்துப் பார்த்தாள், இரண்டு தரம் இறங்கிக் காற்றைக் குறைத்தாள். இறுகியிருந்தால் மெத்தையல்ல, மரக்குற்றி.

"இது அந்த மெத்தை மாதிரி வேலை செய்யுமே?" என்று கமலேஸ்வரி கேட்டாள்.

"பாதி செய்யும். மீதியை நாங்க செய்யணும். எந்த மெத்தையில கிடந்தாலும் புரட்டத்தான் வேணும் அக்கா. வெள்ளிக்கிழமை நான் போனாப்பிறகு நீங்க புரட்டுறதை இப்பவே பழகுங்க. காலை இப்பிடி மடிச்சு, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிங்க. இழுக்காதீங்க. அவரிட பாரம் தானா வரும்."

முதல் தரம் பாக்கியரத்தினம் பாதியில் நின்றார். "கிறேனுக்குப் புது ஆளோ?" என்று கேட்டார். இரண்டாம் தரம் முழுதாகப் புரண்டார்.

அடுத்த நாள் காலை, ஐயாவோடு பக்கத்து வீட்டுப் பிள்ளையை இருத்திவிட்டு, மூவரும் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார்கள். போட்ட காசு திரும்பி வரும் என்று யாரும் சொல்லவில்லை, இவர்களும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை. இலக்கம் போட்ட துண்டொன்று கிடைத்தது. கமலேஸ்வரி அதைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்தாள். ஆமி வந்தால் காட்ட ஒன்று இருந்தது. அடைவு கடையைத் தாண்டும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஐயாவைப் புரட்டும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

பல்கீஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சாரத்தை விலக்கி, சிவப்பின் மேல் விரலை அழுத்தி எடுத்தாள். வெளுத்தது. நிறம் உடனே திரும்பியது.

"ஒற்றை ரியூப்புக்குக் காத்தை இறக்குங்க அக்கா. இரட்டைக்கு அடியுங்க."

கமலேஸ்வரி நிலத்தில் குந்தி, பம்பை வால்வில் மாட்டி அடிக்கத் தொடங்கினாள். கையில் மறுபடி ஏறியிருந்த இரண்டு காப்பும் ஒவ்வொரு அடிக்கும் ஒன்றோடொன்று முட்டின.

"என்ன சத்தம் அது?" என்றார் பாக்கியரத்தினம்.

"உங்கட பசுவுக்கு மணி கட்டியிரிக்கு ஐயா," என்றாள் பல்கீஸ்.

"எனக்கு ஏதடி பசு?" என்றார் அவர்.