அந்தப் புள்ள எடுத்த செருப்பு

இந்த வாரம் வந்த பார்சலைப் பிரித்ததும் புது ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே இரண்டு பெட்டி. ஒரே செருப்பு, ஒரே நிறம். ஒன்று ஆறாம் நம்பர், இன்னொன்று நாலாம் நம்பர். ஆறில் வலது காலை எடுத்துக்கொண்டேன், நாலில் இடது காலை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மிஞ்சிய இரண்டையும் திருப்பி எடுக்க மாட்டார்களாம். திருப்பினால் ஜோடியாகத்தான் திருப்ப வேண்டுமாம்.

சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் இடது காலை வளரவிடாமல் செய்துவிட்டுப் போனது. வலது கால் அதன் பாட்டுக்கு வளர்ந்தது. பாவப்பட வேண்டாம். அக்காவும் தங்கையுமாக இரண்டு கால், தங்கையைக் கொஞ்சம் பார்த்துக் கூட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான்.

பார்சலைக் குறை சொல்ல எனக்கு வாயும் இல்லை. குமுளியில் ஒரு மசாலாக் கடைக்குப் பில் போடப் போனவள், இப்போது அதே கடையில் ஏலக்காய்ப் பார்சல் கட்டுகிறேன். டெல்லியில் யாரோ போனைத் தொட்டால் இங்கே நான் டேப் ஒட்டுகிறேன். கொட்டுகிற மழையில் எங்கள் ஏற்றத்தில் பைக்கை ஏற்றிவந்து, வாசலில் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற பார்சல்காரரைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். இதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்றை நான் வளர்ந்த ஆனைக்கரையில் பார்த்திருக்கிறேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

அப்பாவுக்கு எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. வீட்டுக்கு வரும்போதே மணந்துகொண்டு வருவார். ஆனைக்கரை முக்கில் இருந்த செருப்புக் கடைக்குப் பக்கத்துக் கடையும் ஏலக்காய்க் கடை. அதனால் புதுச் செருப்பென்றாலே ஏலக்காய் மணக்கும் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். வெளியூரில் வாங்கிய ஒரு செருப்பு மணக்காதபோது, போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சண்டைக்கே போயிருக்கிறேன்.

செருப்புக் கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஊருக்கே அண்ணாச்சி. எனக்குச் சர்ச்சில் முதல் தடவையாக நற்கருணை தருகிற புதுநன்மை வருஷம், கோயில் பவனிக்கு வெள்ளைச் செருப்பு வாங்க அம்மா என்னை அங்கே கூட்டிப்போனாள். அதுவரை பெரிய காலுக்கு வாங்கி, சின்னக் கால் செருப்பில் துணியை அடைப்பதுதான் எங்கள் வழக்கம். நாலு எட்டு வைத்தால் கழன்றுவிடும். வெள்ளை உடுப்பில், கையில் மெழுகுதிரியோடு, ஊர் பார்க்க, செருப்பு கழன்று விழுந்தால் என்ன செய்வது என்று அம்மாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

"பஞ்சு வச்சு அடச்சுக்கிடுதோம் அண்ணாச்சி, நீங்க குடுங்க," என்றாள் அம்மா.

அண்ணாச்சி என் காலைப் பார்த்தார். "பவனியில கழண்டு விழுந்தா புள்ள அழும்லா? கொஞ்சம் பொறுங்க. இந்தக் காலுக்கு நேர்மாத்தா ஒரு புள்ள இந்த மலையில இல்லாமலா போயிரும்?"

அம்மாவுக்குக் கோபம். வழியெல்லாம் முணுமுணுத்தாள். "செருப்பு கேட்டா மலையில புள்ள தேடப் போறாராம்."

ஆனால் அந்த மனுஷன் தேடினார். பஸ் கண்டக்டர்களிடம் சொல்லிவைத்தார், ஏலக்காய் வாங்க எஸ்டேட் குடியிருப்புகளுக்கு லயம் லயமாகப் போகிற தரகர்களிடம் சொல்லிவைத்தார், ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரிகளிடமும் கேட்டார். பவனிக்கு முந்தின நாள் எங்களுக்கு ஆள் அனுப்பினார். ஆறடி அகலம்கூட இல்லாத அந்தக் கடையில், ஸ்டூலில் உட்கார்ந்து வெள்ளைச் செருப்பைப் போட்டேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் இரண்டு காலும் ஒரே நேரத்தில் செருப்புக்குள் இருந்தன.

"மிச்ச ரெண்டு?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஆளு இருக்கு பாப்பா. மலைக்கு அந்தப் பக்கம், ஒன் வயசுதான். ஒனக்கு எடது, அவளுக்கு வலது."

"யாரு அண்ணாச்சி?"

"அதக் கேக்கப்படாது. அவட்டயும் ஒன்னச் சொல்லல. ஒருத்தி காலப் பத்தி ஊருல பேசுததுக்கா கட வச்சிருக்கேன்?" பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார். "அவளுக்கு வெள்ள பிடிக்கல. ஒனக்குப் புதுநன்மைன்னு சொன்னேன், சரின்னுட்டா. அடுத்த தடவ அவ எடுக்கத நீ போட்டுக்கிடணும், பாத்துக்கோ."

மறுநாள் பீடத்தின் முன்னால் முழங்காலிட்டபோது நான் நினைத்தது சாமியை இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், பிடிக்காத வெள்ளைச் செருப்பை எனக்காக மாட்டிக்கொண்டு சேற்றில் நடக்கிற ஒருத்தியை நினைத்தேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதிலிருந்து முறை வைத்து எடுத்தோம். அவள் முதலில் எடுத்தது சாணி நிறத்தில், தடித்த வாரோடு, போலீஸ்காரர் போடுகிற மாதிரி இருந்தது. அழுதுகொண்டே போட்டேன். அந்த மழைக்காலம் முழுக்க அது ஒரு தடவைகூட வழுக்கவில்லை. ஓகோ, இவள் மேடு பள்ளத்தில் நடக்கிறவள் என்று புரிந்துகொண்டேன். என் முறை வந்ததும் சிவப்பில் பூ வைத்ததை எடுத்துப் பழிதீர்த்தேன். ஒரு வருஷம் செருப்பு எனக்குப் பெரிதாக இருந்தது. கேட்டதற்கு அண்ணாச்சி, "அந்தப் புள்ள வளந்துட்டா. நீயும் வெரசா வளரு," என்றார்.

பேர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் அவளுக்குப் பளபளப்பு ஆகாது, முன்னால் மூடியிருக்க வேண்டும், அட்டைக் கடிக்குப் பயப்படுகிறவள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அவள் முறையில் ஒரு தடவை வெள்ளை வந்தது. வெள்ளையே பிடிக்காதவள் வெள்ளை எடுத்திருக்கிறாள் என்றால் வேறென்ன, கல்யாணம்! கடையிலேயே கைதட்டிவிட்டேன். அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். என் முறையில் அப்படி ஒரு வெள்ளை எடுக்க எனக்கு அமையவில்லை. அவள் எடுத்த வெள்ளையைப் போட்டுக்கொண்டு வருஷம் முழுக்கப் பில் போட்டேன். அடுத்து அவள் எடுத்தது மெத்தென்ற செருப்பு. மாசமாக இருக்கிறாள் என்று நானாக முடிவுகட்டி, கோயிலில் அவளுக்காக ஒரு மெழுகுதிரியும் ஏற்றினேன்.

அவளை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது எனக்கு நாளாக நாளாகப் பெரிய ஆசையாகிவிட்டது. திருவிழாவில் எல்லாரும் சப்பரத்தைப் பார்த்தால் நான் கால்களைப் பார்ப்பேன். யாராவது வலது காலை இழுத்து நடந்தால் பின்னாலேயே போவேன். மழைக்காலத்தில் அதற்கும் வழியில்லை. ஊரே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டியிருக்கும். அண்ணாச்சியிடம் கெஞ்சிப் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். அவர் வாயே திறக்கவில்லை. அவளும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாளா என்றாவது சொல்லியிருக்கலாம்.

பிறகு மலைக்கும் போன் வந்தது, பார்சல் வந்தது. அண்ணாச்சி கடையில் ஈ ஓட்டினார். "நல்லதுதான பாப்பா, மழையில நனைஞ்சு வரவேண்டாம்லா," என்பார். மற்றச் சரக்கெல்லாம் குறைந்த பிறகும் எங்கள் இருவருக்காக ஆறும் நாலும் வரவழைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஆடி மாசம் அவர் போய்விட்டார். எனக்குத் தகவல் தெரிந்து ஆனைக்கரைக்குப் போனபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பின்பக்கத்து வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார். ஆனைக்கரையில் எல்லாருக்கும் அவர் மதினி.

அழுது முடித்த பிறகு, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "மதினி, அந்தப் புள்ள யாருன்னு உங்களுக்காவது தெரியுமா?"

மதினி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீதானா அது? நேத்து ஒருத்தி வந்தா. இதே கேள்வியத்தான் கேட்டா."

மதினி கையைப் பிடித்துக்கொண்டேன். "பேரு? ஊரு?"

"கேக்கலியே தாயி. கேக்கப்படாதும்பாரே அவுரு. எனக்கும் வாய் வரல."

"என்னதான் சொன்னா?"

"அடுத்தது அந்தப் புள்ள முறை, அவ எத எடுத்தாலும் நான் போட்டுக்கிடுதேன்னு சொல்லுங்கன்னா. கட மூடியாச்சேம்மான்னேன். பொறவு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டா."

நான் பஸ் நிற்கும் முக்குக்கு ஓடினேன். முந்தின நாள் போன பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நல்ல மழை. நிழற்குடையில் நின்றவர்கள் எல்லார் காலிலும் பூட்ஸ்.

அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் இப்போது ஏலக்காய் மூட்டை அடுக்கியிருக்கிறது. மதினியும் மகளோடு தென்காசிக்குப் போய்விட்டார். எனக்குச் செருப்பு வேண்டுமென்றால் போனில் படம் படமாகத் தள்ளிப் பார்க்கிறேன். இது வழுக்குமா, இது அவளுக்கு ஆகுமா என்று யோசித்து யோசித்து, பாதி நாள் எதையும் எடுக்காமலே மூடிவைக்கிறேன். எத்தனை நிறம், எத்தனை மாதிரி! எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், வேண்டாமென்று சொல்ல யாரும் இல்லை. இப்போதெல்லாம் எப்போதும் என் முறைதான்.