சர்க்கியூட்டின் குணம்

எங்கள் ஊர்க் கோயிலின் மரச் சூரனைப் பார்த்து ஒரு பிள்ளையும் பயந்ததாக எனக்கு நினைவில்லை. கந்தசஷ்டிச் சூரன்போருக்கு முதல்நாள் புதிதாகப் பெயின்ற் அடித்து, மீசையை எவ்வளவு கறுப்பாக்கினாலும், அவனுடைய முழி ஊர்காவற்றுறையில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனின் முழியாகத்தான் இருக்கும். புளியங்கூடல் பக்கம் சூரனின் வாயிலிருந்து புகை வருகிறதாம் என்று கேள்விப்பட்ட பிறகு எங்கள் ஊருக்கே மானம் போன மாதிரி ஆகிவிட்டது. அந்த மானத்தை மீட்கக் கிளம்பியவர் என் சின்ன மாமா.

மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. யாழ்ப்பாணம் போய் றேடியோ திருத்தப் படித்தவர். அவர் றேடியோவைத் திறந்ததைக் கண்டவர்கள் உண்டு, மூடிக் கொடுத்ததைக் கண்டவர்கள் இல்லை என்று அப்பு சொல்லுவார். அப்பு என்றால் அம்மாவின் அப்பா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலோ ஐந்தோ, ஊர்ப் பொடியன்கள் ஒவ்வொருவராக ஜேர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்பு மாமாவையும் அனுப்ப ஏஜென்சிக்காரரோடு பேசி முடித்துவிட்டார். மாமாவோ போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஏன் என்று கேட்டால் வாய் திறக்கமாட்டார்.

கடைசியில் அம்மா இடையில் புகுந்து ஒரு சமாதானம் செய்தாள். மாமா சூரனுக்கு மின்சாரக் கண் வைக்கலாம். கோயிலை நடத்துகிற மணியகாரர் அதைப் பார்த்து 'நல்ல வேலை' என்று சொல்லிவிட்டால் அப்பு ஊரிலேயே றேடியோக் கடை போட்டுத் தருவார். சொல்லாவிட்டால் ஜேர்மனி. மணியகாரர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற காரியம் என்று தெரிந்துதான் அப்பு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் விறாந்தையில் மாமாவுக்குப் பக்கத்திலேயே கிடப்பேன். எல்.ஈ.டி. என்று கடலைப்பருப்பு அளவில் ஒரு சிவப்பு விளக்கை அங்கேதான் முதன்முதலில் கண்டேன். முதல் விளக்கை மாமா நேரே பற்றறியில் தொட்டார். ஒருதரம் பளிச்சென்று எரிந்து, ஒரு கெட்ட மணத்தோடு செத்துப்போனது. அள்ளிக் கொடுத்தால் கருகிவிடும், அளந்துதான் கொடுக்கவேண்டும் என்று சொல்லி, இரண்டாவதற்கு முன்னால் கோடுபோட்ட ஒரு சின்ன றெசிஸ்ரரைப் பற்றவைத்தார். விளக்குகளுக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சர்க்கியூட்டுகளை வடிவமைத்துத்தான் இன்றைக்கு நான் சோறு தின்கிறேன். அந்த வேலையில் பாதியை அன்றைக்கே படித்துவிட்டேன் என்று சொன்னால் என் கந்தோரில் கூட வேலை செய்கிறவர்கள் நம்பமாட்டார்கள்.

ஒரு கிழமையில் இரண்டு ட்ரான்சிஸ்ரர்களை வைத்து மாமா ஒரு சர்க்கியூட் செய்தார். ஒரு விளக்கு பற்றும், அது அணைந்து நூர மற்றது பற்றும், மறுபடி முதலாவது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மாமா, இது கண்ணடிக்குது என்றேன். அப்படியா என்று மாமா அதிசயமாகக் கேட்டார். திருத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு கொண்டென்சரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதொன்றைப் போட்டார். இப்போது கண் இன்னும் ஆறுதலாக, யோசித்து யோசித்து அடித்தது. மாமாவுக்கு முகமெல்லாம் சந்தோசம்.

மணியகாரரின் மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தாள். பின்னேரங்களில் நான் அவளிடம் ரியூசன் போவேன். ரீச்சரக்கா என்று கூப்பிடுவேன். சூரன்போர் அன்றைக்கு ரீச்சரக்கா எங்கே நின்று பார்ப்பாள் என்று நைசாகக் கேட்டுவரும்படி மாமா ஒரு தோடம்பழ இனிப்புத் தந்து அனுப்பினார். நான் நைசாகத்தான் கேட்டேன். ஆர் கேட்கச் சொன்னது என்று அக்கா திருப்பிக் கேட்டாள். ஒருத்தரும் சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை என்றேன். அக்கா கனநேரம் சிரித்துவிட்டு, கிணற்றடிச் செவ்வரத்தைச் செடிக்குப் பக்கத்தில் என்று சொல்லி, தானும் ஒரு இனிப்புத் தந்தாள். இரண்டு வீட்டுக்காரரும் தாராளமான ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சூரன்போர் அன்றைக்கு மழை இருட்டு. யானைமுகமும் சிங்கமுகமும் விழுந்து முடிய, பொழுதுபடுகிற நேரத்தில் சூரனின் சொந்தத் தலையை ஏற்றினார்கள். மாமா சுவிச்சைப் போட்டுவிட்டு சூரனைச் சுமக்கும் முன்கொம்பில் தோள் கொடுத்தார். சூரன் இடது கண்ணை அடித்தான். பிறகு வலது கண்ணை அடித்தான். சனத்திடமிருந்து எழும்பிய சிரிப்பில் தவில்காரருக்குத் தாளம் பிசகிவிட்டது. சூரன் வீதியைச் சுற்றி ஓடிவந்து, வேறெங்கும் நிற்காமல், நேரே கிணற்றடிக்குப் போய் நின்றான். அங்கே நின்று ஆறுதலாகக் கண்ணடித்தான். வேலோடு முருகன் அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நிற்கிறார், இவன் அசைகிற பாடாக இல்லை. அப்புவின் முகத்தைப் பார்த்தபோது மாமாவின் பெட்டியை இப்போதே கட்டலாம் போல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒருவழியாகச் சூரன் விழுந்தான். செத்த பிறகும் கழற்றி வைத்த தலை கண்ணடித்துக்கொண்டே இருந்தது. மணியகாரர் மாமாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, ரெண்டு கண்ணும் கோவத்திலை சிவக்குமெண்டெல்லோ நீர் சொன்னனீர். இது என்ன பழக்கம்?"

"ஐயா, அது சர்க்கியூட்டின்ரை குணம். ஒண்டு பத்தினா மற்றது நூந்திடும். ஒண்டும் செய்ய ஏலாது."

மணியகாரர் நம்பவில்லை. படித்த பிள்ளை சொல்லட்டும் என்று மகளைக் கூப்பிட்டார். அக்கா வந்து அந்தத் தலையை மடியில் கவிழ்த்து வைத்து, உள்ளே இருந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் நான் கும்பிட்டேன்.

"ஓம் அப்பா," என்றாள் அக்கா. "அதின்ரை குணம் அப்பிடித்தான். ஒண்டும் செய்ய ஏலாது."

மணியகாரர் மகளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், திரும்பவும் மகளைப் பார்த்தார். அப்ப சரி, நல்ல வேலைதான் என்று இழுத்துச் சொன்னார். ஜேர்மனி போன இடம் தெரியவில்லை. மாமா சந்தியில் கடை போட்டார். அடுத்த சூரன்போருக்கு முன்னமே ரீச்சரக்கா எனக்கு மாமியாகிவிட்டாள்.

பல வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் முதல் செய்முறை வகுப்பு. மேசையில் அதே சர்க்கியூட். இரண்டு விளக்கும் ஒன்றாகப் பற்றி ஒன்றாக நூர என்ன செய்யலாம் என்று விரிவுரையாளர் கேட்டார். நான் எழும்பி நின்று, அது அதன் குணம், ஒன்றும் செய்ய ஏலாது என்று அடித்துச் சொன்னேன். அவர் ஒரு விளக்கைக் கழற்றி, மற்ற விளக்கோடு ஒரே வரிசையில் கோர்த்தார். இரண்டும் ஒன்றாகச் சிவந்தன. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்த எவருக்கும் இது தெரியும் பிள்ளை என்றார்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்கு அது காதில் ஏறவில்லை. கோயில் வீதியில், தகப்பனுக்கும் ஊருக்கும் முன்னால், சூரனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா சொன்ன சம்மதத்தை, நான் விஞ்ஞானப் பாடமென்று நினைத்துப் பாடமாக்கி வைத்திருந்தேன்.