சூளை எரியும்போது சொல்லக்கூடாதவை

முதலாளியம்மாவின் அறையில் பீரோவுக்கு மேல் ஒரு சின்ன டிவி இருந்தது. பீங்கான் தூசி படாமல் இருக்க ரிமோட்டைப் பாலிதீன் உறையில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருப்பார். அதனால் ஒரு பொத்தானை அமுக்கினால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்தே அமுங்கும். சாப்பாட்டு நேரத்தில் சீரியலைத் தேடிப் போனால் பக்திச் சேனலில் போய் நிற்கும். நான் முதன்முதலாக ஒரு போரைத் தினமும் பார்த்தது அந்த டிவியில்தான். இப்போது நான் வேலை செய்யும் டைல்ஸ் தொழிற்சாலையில் எரிவாயு விலை ஏறப்போகிறது என்று யாராவது சொன்னால், எந்த நாட்டில் சண்டை என்றுதான் முதலில் கேட்பேன். விருத்தாசலத்தில், செராமிக் எஸ்டேட் என்கிற பீங்கான் தொழிற்பேட்டையில், என் முதல் வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

முதலாளியம்மாவின் யூனிட் சிறியது. வீட்டு மின்பலகையில் செருகுவோமே, வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கேரியர், அதுதான் எங்கள் சரக்கு; கட்டை என்போம். ஆண்டுக்கு ஒருமுறை கார்த்திகைக்கு அகல் விளக்கும் செய்வோம். கணவர் இறந்த பிறகு முதலாளியம்மாவே யூனிட்டை நடத்தினார். செராமிக் டிப்ளமா முடித்துவிட்டுப் போன எனக்கு மூன்று வேலைகள்: களிமண் கலவையைச் சரிபார்ப்பது, வெந்த கட்டைகளைச் சோதிப்பது, சூளையின் மீட்டரைப் பார்த்து வெப்பத்தைக் குறித்துக்கொள்வது. நான்காவதாக ஒன்று வந்து சேரும் என்று சேரும்போது தெரியாது. உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவருடைய ஒரே மகனிடமிருந்து வரும் வாட்ஸப் செய்திகளை அவருக்குப் படித்துக் காட்டுவதுதான் அது. அவருக்குப் படிக்கத் தெரியும். ஆனால் போர் தொடங்கிய நாளிலிருந்து, கண்ணாடி போட்டாலும் எழுத்து நிற்கவில்லை என்று போனை என்னிடம் நீட்டிவிடுவார்.

மாசி மகத் திருவிழா முடிந்து, தேர் ஓடிய வீதிகளில் வளையல் கடைகள் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தன. நகராட்சித் தேர்தலின் கொடிகளும் கம்பங்களில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில்தான் சண்டை தொடங்கியது. எங்களுக்கு அது முதலில் மளிகைக் கடை வழியாக வந்தது. சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டின் விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு வீட்டுக்கு ஒரு பாக்கெட்தான் என்று சில கடைகளில் சொன்னார்கள். அடுத்து, சூளைக்கு வாங்கும் பெரிய சிலிண்டர் ஏறியது. பாதிச் சரக்கு இருந்தாலே சூளை போட்டுவிடுவது முன்பு எங்கள் வழக்கம். அதன்பின் கடைசித் தட்டு வரைக்கும் கட்டை அடுக்காமல் பற்றவைப்பதில்லை என்றானது. வெகுதூரத்துச் சண்டை எங்கள் தாளிப்பிலும் சூளையிலும் ஒரே வாரத்தில் நுழைந்துவிட்டது. ஆனால் யூனிட்டில் யாரும் விலையைப் பற்றி அதிகம் புலம்பவில்லை. அந்த நாட்டில் முதலாளியம்மாவின் மகன், எங்கள் தம்பி, இருந்தான். எல்லோரும் அவனை டாக்டர் தம்பி என்றுதான் சொல்வார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் சீரியல் நின்றுபோய் செய்தி ஓடியது. கட்டைகளின் விளிம்பைத் தேய்க்கும் பெண்கள், அம்புக்குறி போட்ட வரைபடத்தைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைவார்கள். அவர்களில் மூத்தவர் மங்கலம்பேட்டை அக்கா. அவருடைய கணவர் குவைத்தில் டிரைவர். வெளிநாட்டிலிருந்து போன் வருவதற்குக் காத்திருப்பதில் அவர்தான் எங்களில் பழகியவர். "அங்க இப்ப மைனஸாம், டீ போட்டு வச்சா ஐஸாயிடுமாம்" என்று ஒருவர் சொன்னால், சூளை போடும் அண்ணன் வாசலில் நின்றபடியே, "நம்ம சூளையில பாதி சூட்ட அங்க அனுப்பி வச்சா என்னா? கூலி கூட வேணாம்" என்பார். முதலாளியம்மா சிரிப்பார். தம்பி நண்பர்களோடு ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்தான். தினமும் காலையில் ஒரு வரி வரும். 'சாப்பிட்டேன்.' 'சார்ஜ் கம்மி.' 'பயப்படாதே.' நான் படித்துக் காட்டியதும் போனை வாங்கி முந்தானையில் துடைத்து மடியில் வைத்துக்கொள்வார்.

எங்கள் சூளைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கற்பூரம் காட்டிப் பற்றவைத்ததிலிருந்து பர்னரை மூடும்வரை, அதன் காதில் கெட்ட சேதி விழக்கூடாது. சாவு, விபத்து, கடன், சண்டை எதுவும் பேசக்கூடாது. விழுந்தால் சரக்கு வெடித்துவிடும் என்பார் சூளை அண்ணன். பீங்கான் வெடிப்பதற்கான காரணங்களை நான் வரிசையாகப் படித்திருந்தேன்: உள்ளே தங்கிய ஈரம், அவசரமாக ஏற்றிய வெப்பம், அவசரமாக ஆற்றியது. அந்த வரிசையில் கெட்ட சேதி இல்லை. ஆனாலும் முதல் மாதத்திலேயே நானும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டேன். நாள் முழுக்க நல்லதை மட்டுமே பேசுகிற இடத்தில் வேலை செய்வது ஒரு சுகம்.

அன்று விடியற்காலையில் சூளை பற்றவைத்திருந்தோம். மதியம் முதலாளியம்மா வங்கிக்குப் போயிருந்தார். மற்ற பெண்கள் கை கழுவப் போயிருக்க, மங்கலம்பேட்டை அக்காவும் நானும் மட்டும் டிவி முன்னால் இருந்தோம். தம்பி படித்த அதே ஊரில் குண்டுவீச்சில் இந்திய மாணவர் ஒருவர் இறந்துவிட்டார் என்று திரையின் அடியில் எழுத்து ஓடியது. பெயர் வரவில்லை. அன்று காலை தம்பியிடமிருந்தும் ஒரு வரிகூட வரவில்லை. அக்கா எழுந்து டிவிக்குப் பின்னால் கையை விட்டு கேபிளைப் பிடுங்கினார்.

"எலி கடிச்சிட்டுதுன்னு சொல்லிக்கலாம். அண்ணன்கிட்ட மட்டும் போய்ச் சொல்லு. சூளைக்குப் பக்கத்துல சொல்லாத, வெளிய கூப்பிட்டுச் சொல்லு."

அண்ணனை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பர்னரு மூடுற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அதுக்குள்ள புள்ள போன் பண்ணிருவான்" என்றார்.

முதலாளியம்மா திரும்பி வந்தார். அறைக்குள் போகவில்லை. டிவி ஏன் ஓடவில்லை என்று கேட்கவும் இல்லை. கட்டை அடுக்கும் பலகை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, சூளைக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். பேசாமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று எங்களுக்குப் பயம். அக்கா தன் தங்கை மகளின் நிக்காவில் பிரியாணி கொஞ்சம் அடிப்பிடித்த கதையை எடுத்தார். அடிப்பிடித்தது கெட்ட சேதியில் சேருமா என்று அண்ணன் கேட்க, "அதையும் ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்னீங்களே, அது நல்ல சேதிதான்" என்று அக்கா மடக்கினார். பெண்கள் சிரித்தார்கள். அதைவிட ஆச்சரியமாக, முதலாளியம்மாவும் ஒரு கதை சொன்னார். தம்பி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, காயாத பச்சைக் கட்டை ஒன்றைப் பிஸ்கட் என்று கடித்துவிட்டானாம். பல் பதிந்த அந்தக் கட்டையையும் அண்ணன் தெரியாமல் சூளைக்குள் அடுக்கிவிட்டாராம். "பல்லு அப்படியே வெந்து வந்துது. நான்தான் எடுத்து வச்சிக்கிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். அப்போது அவருடைய கை மடியிலிருந்த போனை இறுகப் பிடித்திருந்தது. நான் மீட்டரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் அண்ணன் ஒவ்வொரு பர்னராக மூடினார். கடைசிச் சீற்றம் அடங்கியதும் எஸ்டேட்டே அமைதியாகிவிட்டதுபோல் இருந்தது. முதலாளியம்மா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"மூடியாச்சாண்ணே? இப்ப சொல்லலாமில்ல? அந்த ஊருல நம்ம நாட்டுப் புள்ள ஒண்ணு செத்துட்டுதாம். பேங்க்குல டிவியில பாத்தேன். இவன் காலையிலேருந்து போன எடுக்கல. உங்கள்லாம் கலவரப்படுத்த வேணாம்னுதான்…"

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கும் தெரியும்மா."

இரண்டு பக்கமும் ஒரே சேதியை மடியில் கட்டிக்கொண்டு மதியத்திலிருந்து எதிரெதிரே சிரித்திருக்கிறோம். அப்போதுதான் அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "சண்டை வரும் போலருக்குதும்மா, வந்துரட்டுமான்னு கேட்டான். அட்டெண்டன்ஸ் போயிரும், ஒரு வருசம் வீணாயிரும், இருடான்னு நாந்தான் சொன்னேன். நாந்தான் சொன்னேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணன் உள்ளே போய் கேபிளைச் செருகினார். திரையில் பெயர் வந்திருந்தது. வேறு மாநிலத்துப் பையன். எங்களில் ஒருவர் "அப்பாடா" என்று வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெயரை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தார். "அவங்கம்மா எங்க உக்காந்திருந்தாங்களோ" என்றார். பிறகு டிவியை அவரே அணைத்தார்.

மறுநாள் காலையில் தம்பி ரயிலிலிருந்து பேசினான். உட்கார இடமில்லாமல் நின்றபடியே எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னான். நிலவறையில் கரண்ட் இல்லாததால் போன் செத்துவிட்டதாம். முதலாளியம்மா அவனைத் திட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "சாப்டியா?" என்று கேட்டார். அதன்பின் அவன் வந்து சேரும் வரை எங்கள் நாட்களுக்கு எல்லையில் வரிசை, பஸ், விமானம், டெல்லி, சென்னை என்று அவன் பயணத்தின் கட்டங்களே தேதிகளாயின. அந்தச் சரக்கு நன்றாகவே வெந்திருந்தது. ஒன்றிரண்டைத் தவிர எதுவும் வெடிக்கவில்லை. அண்ணனிடம் நான் என் காரணங்களின் வரிசையை எடுக்கவில்லை.

வீட்டில் பையை வைத்துவிட்டு தம்பி நேராக யூனிட்டுக்கு வந்தான். இளைத்து, உதடு வெடித்து, ஊர் வெயிலில் அந்தத் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றாமல் நின்றான். பெண்கள் சுற்றிக்கொண்டு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். அக்கா டப்பாவில் கொண்டுவந்திருந்த கஞ்சியைக் குடிக்கவைத்தார். அடுத்த சரக்கு முந்தின நாள்தான் வெந்திருந்தது. சூளையின் வெளிச்சுவரில் இன்னும் கை பொறுக்கும் சூடு இருந்தது. பேசிக்கொண்டே அதில் முதுகைச் சாய்த்தவன், பேச்சு முடியும் முன்பே தூங்கிவிட்டான்.

லாரி வந்துவிட்டது என்று அண்ணன் சூளைக் கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தூக்கினார். அது வழக்கம்போல் 'டமார்' என்று விழுந்தது. தம்பி எழுந்திருக்கவில்லை. கண்ணைக்கூடத் திறக்காமல் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, உடம்பைச் சுருட்டித் தரையோடு ஒட்டிக்கொண்டான். நாங்கள் அத்தனை பேரும் கையில் இருந்ததோடு நின்றுவிட்டோம். முதலாளியம்மா ஓடவில்லை, கத்தவில்லை. அவன் பக்கத்தில் தூசியில் உட்கார்ந்து, முதுகில் உள்ளங்கையை வைத்து, "நம்ம சூளைக் கதவுடா. ஒண்ணுமில்ல. நம்ம சூளைக் கதவு" என்றார். அவன் கைகள் மெல்ல இறங்கின. திரும்பவும் தூங்கிப்போனான். "லோடு நாளைக்கிப் போவும்" என்று அவர் சைகையில் சொல்ல, அண்ணன் ஹாரன் அடிக்க வேண்டாம் என்று லாரிக்காரரிடம் சொல்ல வெளியே ஓடினார்.

அடுத்த நாள் முதல், தாழ்ப்பாளில் கை வைக்கும் முன்னால் அண்ணன், தம்பி உட்கார்ந்திருக்கும் முதலாளியம்மாவின் அறையைப் பார்த்து, "தம்பி, கதவு தொறக்கிறோம்!" என்று உரக்கக் கத்துவார். உள்ளேயிருந்து "சரிண்ணே" என்று குரல் வந்தபிறகுதான் தூக்குவார். வேறொரு நாட்டுக் கல்லூரிக்கு மாறி, படிப்பை முடித்து, தம்பி இப்போது ஏதோ ஒரு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருக்கிறான். நானும் வேலை மாறி வெகுதூரம் வந்துவிட்டேன். போன வாரம் முதலாளியம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். இங்கே எரிவாயு விலை, அங்கே எண்ணெய் விலை என்று பேச்சு போனது. அவருக்குப் பின்னால் எங்கோ அண்ணனின் குரல் கேட்டது: "தம்பி, கதவு தொறக்கிறோம்!"

"தம்பி வந்திருக்கானாம்மா?" என்று கேட்டேன்.

"அவன் எங்க வந்தான், நைட் டூட்டின்னு தூங்கிக்கிட்டிருப்பான்" என்றவர், "இரு பாப்பா" என்று போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, சூளைப் பக்கம் திரும்பி, "சரிண்ணே!" என்று குரல் கொடுத்தார். பிறகுதான் அந்தத் தாழ்ப்பாள் விழும் சத்தம் எனக்குக் கேட்டது.