முனிராஜ் வயிற்றில் ஒரு பம்ப்

போன வெள்ளிக்கிழமை ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு திருடனைப் பிடித்தார்கள். பிடிபட்டவர் என் பக்கத்து வீட்டு முனிராஜ்!

கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை. ஷிப்ட் முடிந்து போகிறவர்களை கேட்டில் தடவிப் பார்ப்பார்கள். பேரிங், பித்தளை புஷ் என்று இடுப்பில் செருகிக்கொண்டு போகிற ஆசாமிகள் உண்டே! முனிராஜின் வயிற்றைத் தடவிய கன்னடக்கார செக்யூரிட்டியின் கை சட்டென்று நின்றது. வட்டமாக, கெட்டியாக ஏதோ ஒன்று.

"ஏனு இது? எடு வெளிய!"

"எடுக்க முடியாதுங்க. உள்ள வெச்சுத் தெச்சிருக்காங்க."

உண்மைதான். தோலுக்கு அடியில் ஒரு பம்ப். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று முதுகுத்தண்டுக்குப் போய், வலி மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பெங்களூர் போய் ஊசியால் நிரப்பிக்கொண்டு வரவேண்டும். "வலி பாதி குறைஞ்சாலே சந்தோஷப்படுங்க" என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார்.

லேத்தில் பாரம் தூக்கியபோது பிடித்த முதுகு. ஆபரேஷன் ஆயிற்று, வலி போகவில்லை. மாத்திரை போட்டால் மெஷின் முன்னாலேயே தூக்கம். போடாவிட்டால் நிற்க முடியாது. உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டு மூன்று வருஷம் பர்சனல் ஆபீசரிடம் நடந்தார்.

"ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையே... நடிக்காதீங்க முனிராஜ்!"

காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் சாட்சி சொல்லும். வலிக்கு யார் சாட்சி? முகம்தான். நாமோ, முகத்தை நம்பாத ஜனங்கள்!

கடைசியில் வேப்பனப்பள்ளியில் இருந்த மாந்தோப்பை விற்று பம்ப் வைத்தார்கள். வலி பாதியானது. டாக்டர் சர்டிபிகேட்டோடு மறுபடி வேலைக்குப் போன முதல் நாள்தான் இந்தக் கூத்து.

பர்சனல் ஆபீசர் கேட்டுக்கு ஓடி வந்தார். முனிராஜ் சட்டையைத் தூக்கிக் காட்டினார். புடைப்பையும் தையலையும் பார்த்த ஆபீசருக்கு முகம் வெளிறிவிட்டது.

"அடடா... இவ்வளவு வலியா உங்களுக்கு? சொல்லவே இல்லையே!"

மூன்று வருஷமாக மனுஷன் வேறு என்ன சொன்னாராம்?

அதோடு விட்டாரா? "இந்த உடம்போட எப்படி வேலை செய்வீங்க? வீட்ல ரெஸ்ட் எடுங்க. மெடிக்கல் போர்டு முடிவு பண்ணட்டும்."

"இப்பத்தான் சார் நல்லா இருக்கறேன்!" என்று முனிராஜ் கெஞ்சியது யார் காதிலும் விழவில்லை. துடித்தபோது வேலை செய் என்றார்கள். எழுந்து நின்றதும் படுத்துக்கொள் என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார்.

"வலிக்குதுன்னு நம்ப வைக்க மூணு வருசம் ஆச்சுங்க சார். கொறைஞ்சிருச்சுன்னு நம்ப வைக்கறதுக்குள்ள வேலையே போயிருமாட்ட இருக்குது."

காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"ஆனா ஒண்ணுங்க சார்... இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான் மொதல்ல இருந்தே என்னை நம்புனீங்க."

நானா? அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்து, 'லீவுக்கு அடி போடுகிறார்' என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தவன்.

"காபி ஆறுது, குடிங்க" என்றேன்.