சொல்றதுக்கு முன்னால ஓடின பேனா

அத்த வுடு முத்துலட்சுமி, மாடி வூட்டுக்காரி சண்டை எங்க ஓடிடப்போவுது, நாளைக்கும் போடுவா. நீ மொதல்ல இந்தக் கேசரிய வாய்ல போடு. எங்க பவித்ரா பத்தாவது பாஸு! நெய் கொஞ்சம் தூக்கலா போச்சி, பரவால்ல, பேத்தி பாஸானதுக்கு ஊத்தாம வேற எதுக்கு ஊத்தறது. காலைல இருந்து இந்தத் தெருவுல ஒரு வூடு வுடல நானு. கம்பெனி பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்த புள்ளைங்க கைல கூட வச்சி அமுக்கிட்டு வந்தேன். உங்க ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருத்தன், "பாட்டி, யாருக்குக் கல்யாணம்?"ங்கறான். "கல்யாணம் கெடக்குது போடா, சயின்ஸுல எங்க பொண்ணு எடுத்த மார்க்க கேளு"ன்னேன்.

அந்த சயின்ஸு பரிச்சை இருக்குதே... சொல்லவா வேணாமா? நீ நம்ப மாட்ட. சிரிச்சினா கேசரிய புடுங்கிக்குவேன், ஆமா.

பேய் புடிச்சிது, காத்து அடிச்சிதுன்னு எவளாவது சொன்னா மொதல்ல சிரிக்கறவ நான்தான், தெரிஞ்சிக்கோ. வல்லத்தாண்ட நெல்லு வெளஞ்ச எடத்துல கம்பெனிக்குப் பள்ளம் தோண்டுனாங்க பாரு, அப்ப மண்ணுல இருந்து எலும்பு வந்துச்சின்னு ஊரே எட்டி நின்னுச்சி. நான் மட்டும் பள்ளத்தாண்டயே போயி ஜேசிபி ஓட்டறவனுக்கு மோர் வித்துக்கினு இருந்தேன். அப்பேர்ப்பட்டவ சொல்றேன், கேளு.

பவித்ராவுக்குப் பொறந்ததுல இருந்து கண்ணு தெரியாதுன்னு உனக்குத் தெரியும். படிப்பு மொத்தமும் காதால தான். அவ அம்மா கம்பெனி லைன்ல நின்னு கால் வீங்கி வருவா, வந்ததும் ஒக்காந்து பாடத்த சத்தமா படிச்சி ஃபோன்ல ரெக்கார்டு போட்டு வச்சிட்டு மறுநா ஷிப்டுக்குப் போவா. அது நாள் பூரா வூட்ல ஓடும். கேட்டுக் கேட்டு எனக்கே இதயத்துக்கு நாலு ரூமுன்னு தெரியும்னா பாத்துக்கோ. நாலு ரூம வச்சிக்கினு வாடகைக்கு வுடாம இருக்குதே, இந்த ஒரகடத்துல அது ஒண்ணுதான்.

அவ அப்பன், எம்மவன், இன்னா சொல்லிட்டான்னா, "யம்மா, இதுல ஒரு பேப்பர் போச்சினா கூட போதும், அவ வூட்லயே இருக்கட்டும். கைய புடிச்சிக் கூட்டிக்கினு அலைய யாருக்கு லீவு கீது?"ன்னுட்டான். அவன் கெட்டவன் இல்ல, ஓ.டி. பாத்துப் பாத்து அலுத்துப் போனவன். ஆனா புள்ள அத்தக் கேட்டுட்டு அன்னிக்குச் சாப்புடல. அவளுக்கு வக்கீலுக்குப் படிக்கணும். அந்த வாய்க்கு வக்கீல் வேலை தான் சரி, நீயே கேட்டிருக்க. அதனால ஒரு பேப்பர் கூட போவக் கூடாது.

இந்த மாதிரி புள்ளைங்களுக்குப் பரிச்சை தனி ரூம்ல. கூட ஒரு மணி நேரம் குடுப்பாங்க. இவ சொல்லச் சொல்ல ஒரு டீச்சர் எழுதணும், ஸ்க்ரைப்புன்னு சொல்வாங்க. அந்தப் பாடத்து டீச்சர மட்டும் போட மாட்டாங்க, தானே பதில எழுதிக் குடுத்துடுவாங்கன்னு. காவலுக்கு ஒரு சார் வேற. எல்லாம் சரிதான், ஆனா நீ ரோசிச்சிப் பாரு. எழுதறத இவளால பாக்க முடியாது. கூட்டிக்கினு போறவ நானு, எனக்கு ஒரு எழுத்து தெரியாது. யாரோ ஒரு பொம்பள நம்ம புள்ள வருஷம் பூரா படிச்சத எழுதறாளா, இல்ல எதையாவது கிறுக்கறாளான்னு எங்க ரெண்டு பேருல யாரு பாக்கறது?

அதுக்குப் பவித்ராவே ஒரு வழி வச்சிருந்தா. பேனா சத்தம். சின்ன வார்த்தைக்குச் சின்ன சத்தம், பெரிய வார்த்தைக்கு நீள சத்தம். புள்ளி வச்சா டொக்கு. கோடு போட்டா சர்ர்ருன்னு இழுக்கும். நாம நீட்டமா சொல்லி அவங்க சுருக்கமா முடிச்சிட்டா உடனே கண்டுபுடிச்சிடுவா. "மேடம், எழுதினத படிங்க"ன்னுவா. கேட்டா படிச்சிக் காட்டணும்.

முந்தின பேப்பருக்கெல்லாம் ஒரு சின்ன வயசு டீச்சர், தங்கமான பொண்ணு, புள்ளைக்குத் தண்ணி பாட்டில் மூடி கூட தொறந்து குடுப்பா. சயின்ஸு அன்னிக்கு அவ வரல. அவளுக்குப் பதிலா யாரு வந்தாங்கற? தையல் டீச்சரு! வேற பள்ளிக்கூடத்துல இருந்து. நெட்டையா ஒல்லியா, வாச்ச உள்பக்கமா திருப்பிக் கட்டிக்கினு. புள்ள "வணக்கம் மேடம்"ங்கறா, அந்தம்மா "ம்". அவ்ளோதான். அந்த மூஞ்சிய பாத்ததுமே எனக்கு ஒப்பல. ரவிக்கைக்கு அளவு எடுக்கறவளுக்கு சயின்ஸு வார்த்தை எழுத வருமான்னு காவல் சாராண்ட கேட்டேன். "தமிழ் எழுதத் தெரிஞ்சா போதும் பாட்டி, நீங்க போய் ஒக்காருங்க"ன்னாரு.

புள்ளைய பாத்ரூம் கூட்டிக்கினு போவ ஆளு வேணும்னு எச்.எம். என்னை வராண்டா கோடில ஒக்கார வுட்டிருந்தாரு. வாயத் தொறக்கக் கூடாதுன்னு கண்டிஷன். எனக்கு அது எவ்ளோ கஷ்டம்னு உனக்கே தெரியும். எதிர்ல ஜன்னலு, அது வழியா பவித்ரா மூஞ்சியும் அந்தம்மா கையும் நல்லாத் தெரியும். கண்ணாடி மாத்துனதுல இருந்து தூரப்பார்வை எனக்கு ஷோக்கா கீது. நீ கொடியில போடற துணில எது கிழிசல்னு இங்க இருந்தே சொல்லுவேன்.

மணி அடிச்சிது. கேள்விய படிச்சிக் காட்டுனாங்க. பவித்ரா யோசிக்கறா. யோசிச்சான்னா கீழ் ஒதட்ட கடிச்சிக்குவா, வாய் கெட்டியா மூடிக் கீது. ஆனா அந்தம்மா கை ஓடுது! தலைய வேற ஆட்டறா, யாராவது பேசறத கேக்கறவ ஆட்டுவா பாரு, அது மாதிரி. "ம்... மேல சொல்லு"ங்கறா. யார பாத்து? கொஞ்ச நேரம் கழிச்சித்தான் புள்ள வாயத் தொறந்து பதில சொல்றா. அவ சொல்றப்ப அந்தம்மா பேனா சும்மா நிக்குது.

எனக்குப் பயம்லாம் வரல, சந்தேகம் தான் வந்துச்சி. இவ ஏதோ பிட்டு வச்சிக்கினு தானா எழுதறா, பறக்கும் படை வந்து பாத்தா புள்ள தலைல தான வுழும், இல்ல எவனாவது மாட்டி வுடறதுக்குன்னே அனுப்பினானான்னு. யாரு அனுப்புவான், நமக்கு இன்னா சொத்துத் தகராறா கீது? ஆனா மனசு அப்டித்தான் போவுது.

அப்ப பவித்ரா பாத்ரூம் போவணும்னு கைய தூக்குனா. ஆபீஸ் அம்மா ஒருத்தி, "பேசக் கூடாது பாட்டி"ன்னுக்கினே கூட வந்தா. உள்ள போனதும் கொழாய தொறந்து வுட்டேன்.

"ஆயா, பேனா எனக்கு முன்னாடி ஓடுது."

"பாத்தேன்டி. இன்னா எழுதறா?"

"படிக்கச் சொன்னேன். நான் சொன்னது தான் கீது. ஒண்ண தப்பா சொல்லி அப்பறம் திருத்தினேன், அந்தத் தப்பு கூட அதே எடத்துல கீது. ஆனா நான் சொல்றப்ப பேனா சத்தமே வரல ஆயா."

"பிட்டு பாத்து எழுதறாளா?"

"நான் தப்பா சொல்லப் போறது பிட்டுல எப்டி இருக்கும்? அதுவுமில்லாம 'மைட்டோகாண்டிரியா'ன்னு படிக்கறதுக்கே அந்த மேடம் தட்டுத் தடுமாறறாங்க."

நான் சொன்னேன், "நீ ஒண்ணு பண்ணு. எந்தப் புக்குலயும் இல்லாத ஒண்ண சொல்லலாம்னு நெனை. அத்தயும் முன்னாடியே எழுதறாளா பாப்போம்."

"இன்னா பாட்டி, உள்ள கச்சேரியா நடக்குது?"ன்னு வெளில இருந்து ஆபீஸ் அம்மா சத்தம். கொழாய மூடிட்டு வந்துட்டோம்.

இப்ப நீ நல்லா கேக்கணும். எம்பேரு இன்னா? பாப்பம்மா. ரேஷன் கார்டு, ஆதாரு எல்லாத்துலயும் பாப்பம்மா தான். ஆனா அது நான் கட்டிக்கினு வந்தப்பறம் வச்ச பேரு. எங்கம்மா வூட்ல எம்பேரு முனியம்மா. இங்க வந்து பாத்தா எம்மாமியாளும் முனியம்மா. மருமவள "ஏ முனியம்மா"ன்னு அதட்டுனா மாமியாள அதட்டுன மாதிரி ஆயிடுமேன்னு, தாலி ஏறின அன்னிக்கே மாத்திட்டாங்க. எம்மவனுக்கே தெரியாது. பவித்ராவுக்கு மட்டும் ஒரு நாளு பேன் பாக்கறப்ப சொல்லியிருக்கேன்.

புள்ள போய் ஒக்காந்தா. இதயத்த பத்தி சொல்லிக்கினே வந்தவ, அடுத்து ஆயா பேர சொல்லிப் பாக்கலாம்னு மனசுல நெனச்சிருக்கா. நெனச்சது தான், வாயத் தொறக்கல. நான் பாத்துக்கினு தான கீறேன், ஒதட்ட கடிச்சிக்கினு கீறா. பேனா ஓடிச்சி, புள்ளி வச்சிது, மறுபடியும் ஓடிச்சி. உடனே இவ, "மேடம், எழுதினத படிங்க"ன்னா.

அந்தம்மா படிச்சா. நாலு அறை, வால்வு, ரத்தம் எல்லாம் படிச்சிட்டு, அதே கொரல்ல, "எங்க ஆயாவோட நெஜப் பேரு முனியம்மா"ன்னு படிச்சா.

வராண்டால எங்காதுல வுழுந்துச்சி முத்து. அந்தப் பேர ஒருத்தர் வாயால கேட்டு எத்தினி வருஷம் ஆவுது!

"நான் அத்த இன்னும் சொல்லல மேடம்"ங்கறா பவித்ரா.

"இப்ப தானம்மா சொன்ன. சார், நீங்க கேட்டீங்கல்ல?"

அவரு வெளில எதையோ வேடிக்கை பாத்துக்கினு இருந்தவரு, "சொல்லாமயா எழுதுவாங்க. பேப்பர்ல பேரெல்லாம் வரக் கூடாது, செல்லாம போயிடும், அடிங்க அடிங்க"ன்னாரு. செல்லாம போயிடும்னதும் எனக்கு உசுரே இல்ல.

அந்தம்மா அதுக்கு மேலயும் எதையோ படிக்க வாயெடுத்தா. படிக்கல. தலைய தூக்கி ஜன்னல் வழியா பாத்தா. என்னைத்தான். அவ்ளோ நேரம் நான் ஒருத்தி அங்க ஒக்காந்திருக்கறத கூட கண்டுக்காதவ. அப்பறம் குனிஞ்சி அடிச்சா. சர்ர்ர். மறுபடியும் ஒண்ணு, சர்ர்ர். பவித்ராவும் எண்ணியிருக்கா. ரெண்டு கோடு.

ஒரு வரி எம்பேரு. சரி. ரெண்டாவது வரி இன்னா? புள்ள நெனச்சது ஒண்ணே ஒண்ணு தான்.

பரிச்சை முடிஞ்சதும் பள்ளிக்கூட கேட்டாண்ட வழிய மறிச்சேன். "டீச்சரம்மா, ரெண்டாவதா அடிச்சியே, அது இன்னா வரி?"

"பரிச்சைக்குச் சம்பந்தம் இல்லாததும்மா. அதான் அடிச்சிட்டேன்."

"டபாய்க்காத. எம்பேத்தி அத்த சொல்லவே இல்ல."

அந்தம்மா வெரல நீவி வுட்டுக்கினா. "எனக்குக் கேட்டுச்சும்மா. கேட்டத எழுதினேன்"னு சொல்லிட்டு ஷேர் ஆட்டோல ஏறிட்டா. அந்த மூஞ்சில திருட்டுக் களையே இல்ல. இருந்திருந்தா நாலு கேள்வி கேட்டுட்டு நிம்மதியா தூங்கியிருப்பேன்.

மவங்கிட்ட மூச்சு வுடல. சொன்னா பள்ளிக்கூடத்துக்குப் போயி சத்தம் போடுவான், அவங்க விசாரணைம்பாங்க, பேப்பர நிறுத்தி வைப்பாங்க. பதிலு அத்தினியும் எம்பேத்தி படிச்சது, அந்தம்மா ஒரு வார்த்தை கூட தன்னோடத சேக்கல. இப்ப பாரு, எல்லாப் பேப்பரும் பாஸு. எம்மவனே போயி ரவை வாங்கியாந்தான். "பதினொண்ணாவதுக்கு அப்ளிகேசன் வாங்கியாறேம்மா"ன்னான். அவன் வாயில இருந்து அது வந்துச்சி பாரு, அதுக்கே இன்னொரு கரண்டி நெய் ஊத்துனேன். நீயும் யாராண்டயும் சொல்லிடாத.

பவித்ரா இன்னா சொல்றா தெரியுமா? அடுத்த பரிச்சைக்கும் அந்த மேடமே வேணுமாம். "ஆயா, நான் சொன்னத ஒரு எழுத்து வுடாம எழுதினது அவங்க மட்டும் தான்"ங்கறா. எனக்கு அது சரிப்படல.

ஏன்னா, போன வாரம் நான் அந்தம்மாவ பாத்தேன். ஒரகடம் கூட்டு ரோட்டாண்ட காய் வாங்க போயிருந்தேனா, அங்க கத்திரிக்கா பொறுக்கிக்கினு நிக்கறா. நான் பின்னால நின்னுக்கினு, அந்த ரெண்டாவது வரிய கேக்கலாமா வேணாமான்னு ரோசிக்கறேன். வாயத் தொறக்கல முத்து, மாரியாத்தா சத்தியமா. அந்தம்மா திரும்பக் கூட இல்ல. சொத்தை பாக்கறதுக்கு ஒரு கத்திரிக்காய வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சிக்கினே, "அது இன்னும் நடக்கலம்மா"ன்னா.

வாங்கின தக்காளிய கூட எடுத்துக்காம வந்துட்டேன். இன்னா நடக்கல? நல்லதா கெட்டதா? புள்ள இன்னும் சொல்லாத வார்த்தை அது, என்னைக்கோ சொல்லப் போறா. அத்த எழுதிட்டு அந்தம்மா ஏன் என் மூஞ்சிய பாத்தா? அன்னில இருந்து பவித்ரா "ஆயா"ன்னு ஆரம்பிச்சாலே எனக்கு...

தோ பாரு, உள்ள இருந்து கூப்புடறா. "ஆயா, ஒண்ணு சொல்லணும்"ங்கறா. இருடி! இருடி கண்ணு, கொழாயில தண்ணி வந்துடுச்சி, ரொப்பிட்டு வரேன், அப்பறம் சொல்லு! எழுந்திரு முத்து, அந்தக் கொடத்த எடு, நின்னுடப் போவுது.